செம்புத் தகட்டுக் கல்யாணம்

எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றச் சொல்லி, கட்டிலில் கிடந்த சூசைராஜ் விரலைத் தூக்கிக் காட்டினான். காலையிலிருந்து அவனுக்குப் பேச்சு வரவில்லை. சுகுணா நாற்காலியில் ஏறி அதை எடுத்து, அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

குவைத்தில் அவன் டிரைவராக இருந்த வீட்டு டச்சுக்காரர் வீட்டைக் காலி செய்தபோது கொடுத்த படம். செம்புத் தகட்டில் கோடு கோடாகக் கீறி, மை தடவி அந்தக் காலத்தில் தாளில் அச்சடித்தது. உயரமான தூண்களுக்கு நடுவே தேவாலயத்தில் ஒரு கல்யாணம். கழுத்தில் மடிப்பு மடிப்பாக வெள்ளைத் துணி சுற்றிய கூட்டம். ஓரத்தில் ஒரு நாய். மாப்பிள்ளையும் பெண்ணும் வலது கையைப் பற்றியிருந்தார்கள். அந்தக் கைகள்மேல் சூசைராஜ் விரலை வைத்தான். எடுக்கவில்லை.

சுகுணாவுக்குப் புரிந்தது. புதுக்கோட்டை ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவர்கள் அவர்கள். கறம்பக்குடியில் அவள் அப்பா செத்தபோது, கிறிஸ்தவனோடு, வேதக்காரனோடு போனவள் என்று சொந்தக்காரர்கள் முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. அதன்பிறகு அவன் மாதா கோயில் கல்யாணம் என்று பேச்செடுத்தாலே, "இனி எந்தச் சாமி முன்னாடியும் நிக்கமாட்டேங்க" என்றுவிடுவாள். அவன் வற்புறுத்தியதில்லை. படத்தை மட்டும் கட்டிலுக்கு எதிரே மாட்டிவைத்தான்.

"இப்பவே சாமியாரக் கூப்புடுறேங்க. அதுவரைக்கும் இருப்பீங்கல்ல?"

பங்குச் சாமியார் புதுக்கோட்டைக்குப் போயிருந்தார். கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார்தான் இங்கே போனை எடுத்தார். "கெளம்பிட்டாரும்மா, வந்துருவாரு." சுகுணா திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். "பாதி வழி வந்துட்டாரும்மா." சூசைராஜின் மூச்சு விட்டுவிட்டு வந்தது.

சுவரோரம் தரையில் அவன் அம்மா அடைக்கலமேரி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். மகனுக்கு முடியவில்லை என்றதும்தான் இந்த வீட்டுக்குள் முதன்முறையாகக் கால் வைத்தவள். மருமகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சாமியார் ஹெல்மெட்டைக் கழற்றியபடியே உள்ளே வந்தார். பின்னாலேயே உபதேசியார்.

"இந்த நெலமைல இங்கயே நான் கல்யாணத்த மந்திரிச்சு வைக்கலாம். ரெண்டு சாட்சி வேணும், உபதேசியார் ஒருத்தர். நீங்க இருக்கீங்களாம்மா?"

அடைக்கலமேரி தலையை மட்டும் அசைத்தாள்.

சுகுணா கட்டிலில் உட்கார்ந்து அவன் வலது கையை எடுத்துக்கொண்டாள். சாமியார் கேட்டதும், "சம்மதம் சாமி" என்றாள். அவளுக்கே கேட்காத குரல்.

"சூசைராஜ், சுகுணாவ மனைவியா ஏத்துக்க ஒங்களுக்குச் சம்மதமா? சம்மதம்னா கைய அமுக்குங்க."

நனைந்த துணிபோலக் கிடந்தது கை. சுகுணா தன் விரல்கள் வெளுக்கும்வரை அதை இறுக்கினாள். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை அவன் அமுக்கினால் போதும். அவன் விரல் அசையவில்லை.

"அமுக்குனாரு சாமி."

சாமியார் அவள் முகத்தைப் பார்த்தார். "நெசமாவாம்மா?"

சுகுணா அவன் கையைப் பிடித்தபடியே தலையைக் குனிந்தாள்.

"அமுக்குனான் சாமி," என்றாள் அடைக்கலமேரி. "நான் பாத்தேன்."

அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சுகுணாவின் முதுகுதான் தெரியும்.

சாமியார் அடைக்கலமேரியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளின்மேலும் சிலுவை வரைந்து, அவன் நெற்றியில் எண்ணெய் பூசினார். ஜெபம் முடிவதற்குள் ஒரு மூச்சு போனது. அடுத்தது வரும் என்று சுகுணா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உபதேசியார் சாவு மணி அடிக்கக் கோயிலுக்குப் போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடைக்கலமேரி எழுந்து கொடியில் கிடந்த வேட்டியிலிருந்து நீளமாக ஒரு துண்டு கிழித்தாள். மகனின் தாடைக்குக் கீழே அதைக் கொடுத்து, ஒரு முனையைச் சுகுணாவிடம் நீட்டினாள்.

"இங்கிட்டு வந்து புடி. வாயக் கட்டணும்."