பச்சையில் வைத்த கால்

எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் உயரம் என்றால் வாய்க்கால் மதகுதான். அதன்மேல் ஏறி நின்று பழகிய தைரியத்தில், குறுவை அறுப்பு முடிந்த கையோடு, என் வீட்டுக்காரர் அறிவுமதி புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மலைக்கு என்னை இழுத்துக்கொண்டு வந்தார்.

படிக்கட்டு பாதியிலேயே முடிந்துவிட்டது. அதற்கு மேல் வெறும் பாறை. மாட்டு முதுகைப் போல ஒரு முகடு, இரண்டு பக்கமும் பள்ளம். "இதோட இறங்கிடுவோங்க" என்றேன். கேட்டால்தானே!

"வரப்புல நடக்குறவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா? வாய மூடிக்கிட்டு எம் பின்னாடியே வா."

பதினெட்டு வருஷமாக வயலில் சொல்கிற அதே வசனம். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வீராப்பாக முன்னே போனார்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. வரப்பில் வெறும் மண் வழுக்கும், புல் இருக்கிற இடம் காலைப் பிடித்துக்கொள்ளும். அதனால் எங்கள் ஊர்க்கால் தானாகவே பச்சையைத் தேடிப் போகும். அவர் காலும் போனது. பாறையில் பச்சை என்றால் பாசி என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

சர்ரென்று ஒரு சத்தம். முன்னால் நடந்தவரைக் காணோம்.

எனக்கு உயிரே இல்லை. குனிந்து பார்த்தால், கொஞ்சம் கீழே ஒரு கல்திட்டில் குப்புறக் கிடந்தார். திட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. அடிவாரத்து மரங்கள் நாற்றுமுடி அளவுக்குத் தெரிந்தன. பாறையில் படுத்துக்கொண்டு, மணிக்கட்டைப் பிடித்து, திட்டிக்கொண்டே இழுத்தேன். மேலே வந்து சேர்ந்தார். முழங்கால் கிழிந்து ரத்தம்.

இறங்கத் திரும்பியபோது நான்தான் முன்னால். பின்னால் பார்த்தால் தலை சுற்றியது. அவர் வருகிறாரா, மறுபடி விழுந்துவிட்டாரா, எப்படித் தெரியும்?

"என்னங்க, பேசிக்கிட்டே வாங்க. நிறுத்தக் கூடாது."

"என்னத்தடி பேசுறது?"

"எதையாச்சும் பேசுங்க."

"நாத்தாங்கால்ல களை மண்டிக் கெடக்கு... மோட்டாருக்குப் பெல்ட்டு மாத்தணும்..."

அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே, வெள்ளையாகக் காய்ந்த இடமாகப் பார்த்துக் கால் வைத்தேன். முகடு குறுகுகிற இடத்தில் குரல் நின்றுபோனது.

"என்னங்க?"

அப்படியே நின்று பாறையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டேன்.

"என்னங்க! பேசுங்க!"

"பயமா இருக்கு, வானதி."

வெள்ளத்தில் வயல் மூழ்கியபோதும், என் பிரசவம் சிக்கலானபோதும் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. இவ்வளவு நேரம் இருந்த கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினேன். சில்லிட்ட விரல்கள் வந்து இறுக்கிப் பற்றிக்கொண்டன.

"எனக்கும்தாங்க" என்றேன். "அடுத்த கால எடுத்து வைங்க."