வாத்தியார் பேக்கப் எடுக்காத ஞாயிறு

ஃபோரத்தில் அவருக்கு வாத்தியார் என்று பெயர். யாரும் ஆசையாக வைத்ததில்லை. எடுத்ததற்கெல்லாம் பாடம் நடத்துகிறாரே என்ற கடுப்பில் வைத்தது. அவரோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு ஒன்பது வருஷமாக நெஞ்சை நிமிர்த்தித் திரிகிறார். என்ன ஃபோரம் என்று கேட்டால், கையடக்க கேம் கன்சோலுக்குக் கம்பெனிக்காரன் போட்ட பூட்டைத் திறந்து, தாங்களே எழுதிய புரோகிராமை உள்ளே விட்டு, 'ஐயோ ஓடிடுச்சு!' என்று குதிக்கிற நாற்பது வயதுக் குழந்தைகள் கூடும் இடம்.

அங்கே வாத்தியார் எழுதிவைத்த கையேட்டின் முதல் பாடம் இது: 'எதையும் தொடும் முன் பேக்கப் எடு. எடுக்காமல் வந்து அழுதால் கண்ணைத் துடைக்க இங்கே ஆள் இல்லை.' பேக்கப் நகல் இல்லாமல் கன்சோலைச் சாகடித்துவிட்டு வருகிற அப்பாவிகளை நிற்கவைத்து வறுத்தெடுப்பார். போன வருஷம் 'சோப்புடப்பா' என்ற பெயரில் எழுதும் ஒரு பெண், செத்த கன்சோலிலிருந்தும் சேமித்த விளையாட்டை மீட்கிற புரோகிராம் ஒன்றைப் போட்டாள். ஃபோரத்தைக் கட்டி மேய்க்கிற மாடரேட்டர் ஆயிற்றே வாத்தியார், சும்மா விடுவாரா? 'இப்படி ஊட்டிவிட்டால் எவனும் பேக்கப் எடுக்கமாட்டான்' என்று அவள் பதிவைப் பூட்டிவிட்டார். அவளுக்கு வந்த கோபத்தில் புரோகிராமையே இணையத்திலிருந்து தூக்கினாள். வாத்தியாரின் தனிச்செய்தி வராதபடியும் தடுத்துவிட்டாள்.

வாத்தியாரின் மனைவிக்கு பஸ் கம்பெனியின் புகார் பிரிவில் வேலை. வீட்டுக்கு வந்ததும் தன் கன்சோலை எடுத்துக்கொண்டு சோபாவில் சாய்வாள். விளையாட்டில் அவளுக்கு ஒரு தோட்டம் உண்டு. மூன்று வருஷமாகத் தினமும் அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றி, களை பிடுங்கி, சந்தையில் விற்று வளர்த்த தோட்டம். ஆனால் விளையாட்டு முழுக்க ஏதோ தூரதேசத்து மொழி. ஒரு எழுத்துகூட அவளுக்குத் தெரியாது. பாவம், புரியாமலே விளையாடுகிறாளே என்று வாத்தியாருக்கு மனசு உருகிவிட்டது. எட்டு மாசம் அகராதியும் கையுமாக உட்கார்ந்து, அத்தனை வசனத்தையும் தமிழாக்கினார். தன் கன்சோலில் போட்டுப் பார்த்தார். ஜோராக ஓடியது. கல்யாண நாளுக்கு அவளை அசத்திவிடுவது என்று முடிவு.

கல்யாண நாளான அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காலை ஷிப்ட், மூன்று மணிக்குத்தான் வருவாள். பன்னிரண்டு மணிக்கு அவள் கன்சோலை மேஜையில் வைத்தார். பேக்கப் எடுக்க நாற்பது நிமிஷம் ஆகும். தமிழைப் போட ஐந்தே நிமிஷம். 'நாம என்ன புதுசா?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாதியில் திரை இருண்டது. எந்தப் பொத்தானை அமுக்கியும் உயிர் வரவில்லை.

அந்த மனுஷருக்குப் பிழைப்பே ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர்! ஊருக்கெல்லாம் நகல் எடுத்துக்கொடுக்கிற மெஷினைச் சரிபண்ணுகிறவர், மனைவியின் மூன்று வருஷத்துக்கு ஒரு நகல் எடுக்கவில்லை. இதை எங்கே போய்ச் சொல்வது?

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொந்தப் பெயரில் கேட்டால் மானம் போகும் என்று 'புதுஆள்' என்ற பெயரில் ஃபோரத்தில் நுழைந்து உதவி கேட்டார். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது: 'முதல் பாடம் படிச்சீங்களா? இல்லையா? அப்ப அனுபவிங்க. வாத்தியார் பார்க்கறதுக்குள்ள பதிவை அழிச்சிடுங்க, மனுஷன் கடிச்சுத் துப்பிடுவார்.' கீழே பதினோரு பேர் சிரித்திருந்தார்கள். தான் வளர்த்த ஆட்கள் இவ்வளவு கொடூரமாக இருப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

மணி ஒன்று. இனி சோப்புடப்பாதான் கதி. தனிச்செய்திக்கு வழியில்லை, எல்லாரும் பார்க்கத்தான் கேட்கவேண்டும். முகம் சுண்டிப்போய், சொந்தப் பெயரில் தட்டினார்: 'நான் பேக்கப் எடுக்கவில்லை. என் மனைவியின் தோட்டம் போய்விட்டது. உங்கள் பதிவைப் பூட்டினது தப்பு. மன்னிச்சு அந்தப் புரோகிராமைக் கொடுங்க.' அனுப்பிவிட்டு, திரையைப் பார்க்கத் தைரியமில்லாமல் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பினால் பதில் வந்திருந்தது.

'முதல்ல வேற யார்கிட்டயும் எரிஞ்சு விழாதீங்க சார். இந்தாங்க. நிதானமா பண்ணுங்க, தோட்டம் எங்கயும் போகாது.'

சோப்புடப்பா அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கன்சோலைப் பிரித்து, மெமரியில் ஒயரை மாட்டி, சோப்புடப்பாவின் புரோகிராமை ஓடவிட்டார். எண்பது சதவீதம் ஆனபோது கதவு திறந்தது. மேஜைமேல் பிரித்துப்போட்ட தன் கன்சோலைப் பார்த்து மனைவி அப்படியே நின்றாள்.

"என்னங்க இது?"

மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து எடுக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தச் சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. வாத்தியாருக்குச் செத்துவிடலாம்போல இருந்தது.

நூறு ஆனது. மீட்டதை அவசரமாகத் தன் கன்சோலில் ஏற்றினார். தோட்டம் வந்தது. ஒரு செடி குறையவில்லை.

"அப்பாடா!" என்று கன்சோலை வாங்கிக்கொண்டு நேராகச் சந்தைக்குப் போனாள். கடை வைத்திருக்கும் முயல் கையைக் கையை ஆட்டிப் பேச வந்தது. வாத்தியாரின் கன்சோல் அல்லவா, தமிழில் பேசியது: 'நேத்து குடுத்த முள்ளங்கி சரியில்லை. இதுக்கு யார் பொறுப்பு?'

வாத்தியார் பெருமையோடு அவள் முகத்தைப் பார்த்தார். அது வாடிப்போயிருந்தது.

"இதுவும் புகாரா?" என்றாள். "காலைலேர்ந்து எழுபது பேரு இதையேதாங்க கேட்டாங்க."

"இல்ல... புரிஞ்சா நல்லாயிருக்குமேன்னு..."

"எனக்குப் புரியணும்னு யாருங்க சொன்னா? ஒரு வார்த்தை புரியாது, அதான் நிம்மதி. மூணு வருஷமா இந்த முயல் என்னைப் பாராட்டுதுன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்!"

வாத்தியார் கன்சோலை வாங்கினார். தோட்டத்துக்கு ஒன்றுக்கு இரண்டாக பேக்கப் எடுத்தார். பிறகு எட்டு மாசத் தமிழை அழித்துவிட்டு அவளிடம் கொடுத்தார்.

அவள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, பக்கத்தில் அவருக்கும் இடம்விட்டாள். மறுபடி சந்தைக்குப் போனாள். முயல் தன் மொழியில் படபடவென்று பொரிந்தது.

"பாத்தீங்களா, என் தக்காளியைப் பாத்து எவ்வளவு சந்தோஷம் அதுக்கு!"

தக்காளியெல்லாம் அழுகல் என்று முயல் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வரிக்குச் சரியான தமிழ் தேடி அவர் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமா," என்றார் வாத்தியார். "இந்த மாதிரி தக்காளியை அது பாத்ததே இல்லையாம்."