திரையில் ஜோதியின் பெயர்

ஆம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் மருந்தளவு சொல்லும் செயலி ஒன்றை ஒரு மாதம் சோதித்துப் பார்த்தார்கள். கடைசி நாள் கூட்டத்தில் கம்பெனி ஆள் பூவரசன், கோட்டும் சென்டுமாக நின்று, நர்சுகள் அதில் தேடியதையெல்லாம் அவரவர் பெயரோடு திரையில் காட்டினான். தன் சாமர்த்தியத்தில் அவனுக்கே புல்லரித்தது.

தலைமை நர்ஸ் கிறிஸ்டினா ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மூன்றாவது வரியில் அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் நர்ஸ் ஜோதியின் பெயர். பக்கத்தில், மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே டியூட்டி பார்க்கலாமா என்ற கேள்வி. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜோதி தலை குனிந்தாள்.

கிறிஸ்டினா போய் புரொஜெக்டர் வயரைப் பிடுங்கினாள்.

"இன்னா மேடம், எல்லாரும் சம்மதம்னு தட்டினீங்களே. பேரோட காட்டலாம்னு பதினொண்ணாம் பக்கத்துல இருக்கு."

"அந்தப் பக்கத்த நீ படிச்சியா?"

பூவரசன் கோட்டுப் பொத்தானைத் திருகினான்.

"மூஞ்சப் பாரு. எல்லாத்தையும் அழி."

"அது பெங்களூர்ல இருக்கு மேடம்."

"அப்போ அங்க போன் போடு."

பெரிய டாக்டர் கோதண்டராமன், "ஃப்ரீயா குடுத்தாங்களேம்மா" என்று இழுத்தார். புழுவைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்துவிட்டு, அவள் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

அழித்துவிட்டதாகப் பதில் வர மாலையாகிவிட்டது. பூவரசனை அதன் பிறகுதான் வெளியே விட்டாள். ஆனால் ஜோதி அன்றிலிருந்து எந்தச் சந்தேகத்தையும் யாரிடமும் கேட்பதில்லை.