கழுத்துக் கோடு

அக்காள் அந்தப் பித்தளைப் பறவையை என் பட்டறை மேசையில் வைத்தாள். தொழுகை அறையில் சாம்பிராணி போடுகிற பறவை அது. வயிற்றுக்குள் தணலை வைத்தால் அலகு வழியாகப் புகை வரும். கழுத்துக்குக் குறுக்கே உளியால் இழுத்த பழைய கோடு ஒன்று.

"இந்தக் கோட்டை அடைச்சுக் கொடுடா."

"உனக்குக் கிறுக்கா? அது எதுக்குன்னு தெரியாதா?"

உயிருள்ளது போல உருவம் செய்தால், உயிர் கொடுக்கிறவனோடு போட்டிக்கு நின்றதாகிவிடும் என்று பயந்து, பழைய ஆட்கள் கழுத்தில் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். இது வெறும் பித்தளை, உயிரில்லை என்று அர்த்தம்.

"தெரிஞ்சுதான் கேக்குறேன். சின்னப் பிள்ளைங்க போனா சொர்க்கத்துல பறவையாயிடும்னு சொன்னாங்கல்ல? என் வீட்டுல கழுத்தறுத்த பறவை எதுக்கு?"

அவளுடைய கைக்குழந்தை போன மழைக்காலத்தில் இழுப்பு வந்து இறந்துபோனது. கடைசியில் அது மூச்சுக்குத் தவித்த சத்தம் வாசல்வரை கேட்டது. அக்காளிடம் நான் வாயாடாத நாளே கிடையாது. அன்று பறவையைக் கையில் வாங்கிக்கொண்டேன். கோட்டைப் பற்றவைத்து, அரம் போட்டு, இருந்த சுவடே தெரியாமல் தேய்த்துக் கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் மச்சான் பட்டறைக்கு வந்தார்.

"உங்கக்கா சோறு தண்ணி இல்லாம அது முன்னாடியே உக்காந்திருக்கா. வந்து பாரு மாப்ள."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மேலா, என் மேலா, தெரியவில்லை. "எடு அதை, உடைச்சுப் பாத்திரக்கடையில போட்டுடறேன்" என்று கத்திக்கொண்டேதான் அவள் வீட்டுக்குள் நுழைந்தேன்.

"கத்தாதே. காதை வச்சுக் கேளு" என்றாள்.

குனிந்து கேட்டேன். உள்ளே மெல்லிய இழுப்பு. நின்றது. மறுபடி இழுத்தது. சூடு ஆறும்போது பித்தளை முனகும். அது என் தொழில், எனக்குத் தெரியாததல்ல. வயிற்றைத் திறந்து கையை விட்டுப் பார்த்தேன். சாம்பல் சில்லென்று கிடந்தது. தணல் போட்டுப் பல நாளாயிற்று என்றார் மச்சான்.

"அதே இழுப்புடா," என்றாள் அக்காள். "திரும்பி வந்துட்டான்னு சந்தோஷமாத்தான் இருந்தேன். ஆனா தவிக்கிறான். வரவும் முடியல, போகவும் முடியல. நான்தான் பிடிச்சு வச்சிருக்கேன்."

அவளே எழுந்து என் தோளில் கிடந்த பட்டறைப் பையிலிருந்து உளியை எடுத்துக் கொடுத்தாள்.

"கோட்டைப் போட்டுடு."

"நீ வெளியில போ அக்கா."

"அவனுக்கு ஊசி போடும்போது யார் பிடிச்சுக்கிட்டா? நான்தானே?"

பறவையை மடியில் கிடத்தி, அதன் கண்களை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். நான் அழுதுகொண்டேதான் உளியை வைத்தேன். பழைய இடம் கைக்குத் தானாகவே தெரிந்தது. பித்தளைத் துகள் அவள் புடவையில் உதிர்ந்தது. இழுப்பு ஒருமுறை நீளமாக வந்து, அடங்கியது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுக்கா."

அவள் கையை எடுக்கவில்லை. மடியை மட்டும் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள்.