நாலு பேர் டென்ட்

அந்தச் சனிக்கிழமை மதியம் கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள் என நான்கு பேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள். கூடத்துச் சோபாவில் மனைவியின் தம்பி போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருந்தான். ரொட்டி ஆலையில் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். அவனுக்கு மதியம்தான் இரவு. கதவை ஓசைப்படாமல் சாத்தியவள் அவன் அக்கா. மாமாவின் தூக்கம் கெடக்கூடாது என்ற அக்கறை என்றுதான் பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். எழுந்துகொண்டால் தானும் வருகிறேன் என்பானே என்ற பயம்தான் அவளுக்கு.

மனைவியோடு ஒத்துப்போகாமல் பிரிந்து, ஒற்றைப் பெட்டியோடு, "கொஞ்ச நாள் இருந்துக்கறேங்க்கா" என்று வந்தவன். வருஷம் தாண்டிவிட்டது. அவன்மேல் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் தொல்லையே. பாத்திரம் துலக்குவான், பெரியவளுக்குக் கணக்குச் சொல்லித் தருவான், சூடு ஆறாத பன்னோடு வீடு திரும்புவான். ஆனால் அவன் தூங்கும் நேரமெல்லாம் டிவி ஊமைப் படம். பிள்ளைகள் சண்டையைக்கூடக் குசுகுசுவென்றுதான் போட்டுக்கொள்ளும். பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் நாளெல்லாம் சிரித்த முகமாக உட்கார்ந்துவிட்டு வருகிற அவள், புருஷனோடு வாய்விட்டுச் சண்டை போட்டே மாதக்கணக்காகிறது.

கூடாரம் வாங்கும் யோசனையே தம்பியுடையதுதான். சாப்பாட்டு நாற்காலிகளின்மேல் படுக்கை விரிப்பைக் கட்டி, பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்து ஆசை காட்டியவன் அவன். ஏரிக்கரைக்கு எந்த வாரம் போகலாம் என்று முடிவானதும், "மேஸ்திரிகிட்ட லீவு சொல்லிட்டேங்க்கா" என்று முதல் ஆளாக வந்து நின்றான்.

கடையின் மாடியில் கூடாரங்களைக் கட்டியே வைத்திருந்தார்கள். விற்பனைப் பெண் சொன்னாள்: "செருப்பை விட்டுட்டு உள்ள படுத்துப் பாருங்க. படுத்துப் பார்க்காம டென்ட் எடுக்கவே கூடாது. அட்டையில நாலு பேர்னு போட்டிருந்தா நாலு பேருக்குத்தான். பையை வைக்கக்கூட இடம் இருக்காது."

கணவன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டான். கம்பிகளை வளைத்துப் பார்த்தான், தையலை நகத்தால் நெருடினான், ஜிப்பை மேலும் கீழும் இழுத்தான். கடைசியில் நடுவே திரை தொங்கும் பெரிய கூடாரத்தின் முன் நின்றுவிட்டான்.

"இதையே எடுத்துடலாம். ரெண்டு ரூம் மாதிரி இருக்கு. மச்சான் அந்தப் பக்கம் படுத்துக்குவான்."

"அவன் எங்க வரப்போறான்?" என்றாள் அவள். வாய் தானாகவே பேசியது. "லீவு கிடைக்கலையாம். இனிமே வாரக் கடைசியெல்லாம் வேலையாம்."

கணவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மறுபடியும் ஜிப்பைப் பார்த்தான்.

நாலு பேர் என்று அட்டை தொங்கிய பச்சைக் கூடாரத்துக்குள் நால்வரும் வரிசையாகப் படுத்துப் பார்த்தார்கள். தோளோடு தோள் ஒட்டியது. வாலு என்று வீட்டில் பெயர் வாங்கிய சின்னவள் மட்டும் முழங்காலை மடித்துச் சுருண்டுகொண்டாள்.

"ஏண்டி சுருண்டுக்கறே? நீட்டிப் படு."

"கால்மாட்டுல மாமாவுக்கு இடம் விடறேன்."

"மாமா வரலைன்னு சொன்னேன்ல?" குரல் தேவைக்கு மேல் கறாராக வந்துவிட்டது. பச்சையையே மடித்துக் கட்டித் தரச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தால் தம்பி விழித்திருந்தான். பிள்ளைகள் மேசையில் விட்டுப்போன கடை விளம்பரத்தைப் பார்த்து விஷயத்தை ஊகித்து, சோபாவைச் சுவரோரம் தள்ளி, கூடத்தை ஒழித்துத் தயாராக வைத்திருந்தான்.

"வாங்க வாங்க. இங்கேயே ஒரு தடவை கட்டிப் பழகிட்டா அங்க போய் முழிக்க வேண்டாம்."

கம்பிகளைக் கோத்துக்கொண்டிருந்த மாமாவின் முதுகில் தொற்றியபடி வாலு கேட்டாள்: "உங்களுக்கு லீவு கிடைக்கலையாமே மாமா? அம்மா கடையில சொன்னாங்க."

தம்பியின் கை கம்பியில் அப்படியே நின்றது. கூடாரத்தைப் பார்த்தான். அதன் அகலத்தைக் கண்ணாலேயே அளந்திருப்பான்.

"ஆமாடா செல்லம்," என்றான். "மேஸ்திரி ஒத்துக்கலை. அக்காகிட்ட சொல்லியிருந்தேன். உங்கிட்டதான் சொல்ல மறந்துட்டேன்."

அவள் சமையலறைக்குள் போய், கழுவ ஒன்றுமில்லாத தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். தன் பொய்யைத் தம்பி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவனோ மறுநாளே ஆலைக்குப் போய் லீவு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். புறப்படும் அன்று ஒரு பை நிறைய பன் கொடுத்து அனுப்பினான்.

ஏரிக்கரையில் வெயில் நன்றாக இருந்தது. பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தின; யாரும் அதட்டவில்லை. கூடார முளை அடிக்கும்போது கணவன் கட்டைவிரலில் தட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்ததைப் பார்த்து அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் சுருக்கென்றது. தம்பி இல்லாததால்தான் இந்தச் சிரிப்பா?

பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. நால்வரும் உள்ளே ஒடுங்கினார்கள். பிள்ளைகள் கண்ணயர்ந்ததும் அவள் மெல்லச் சொன்னாள்: "அவனுக்கு லீவு கிடைச்சிருந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

"தெரியும்," என்றான் கணவன்.

"எப்போ?"

"கடையிலேயே. உன் மூஞ்சியைப் பார்த்தா தெரியாதா? எனக்கும் ரெண்டு நாள் நாம மட்டும் இருந்தா தேவலைன்னுதான் இருந்துச்சு. நீ சொன்னே, நான் வாயை மூடிக்கிட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

பாரம் பாதியாகும் என்று எதிர்பார்த்தாள். ஆகவில்லை.

திரும்பி வந்த அன்று மாலையே தம்பியிடம் உடைத்துச் சொல்லிவிட்டாள். அவன் துணி மடித்துக்கொண்டிருந்தான்.

"அட, விடுக்கா. எனக்கு மட்டும் என்ன? ரெண்டு நாளும் ரேடியோவை அலற விட்டுட்டு, உங்க கட்டில்ல குறுக்க விழுந்து தூங்கினேன். சொர்க்கம்!" என்று சிரித்தான். அப்புறம் சட்டையின் காலரை நீவிக்கொண்டே, "ஆலைப் பக்கத்துல ஒரு ரூம் காலியாகுதாம். பார்த்துட்டு வந்தேன். இதுக்காக இல்லக்கா. நடந்தே போயிடலாம், அதான்."

எங்கேயும் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தொண்டைவரை வந்தது. அதற்குள், மதியத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடும் கூடம் ஒரு கணம் கண்ணில் தெரிந்துவிட்டது. "ஜன்னல் இருக்கா ரூம்ல?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த முறை கூடாரம் போடக் கிளம்பியபோது, அவளே ஆலைப் பக்கத்தில் அவன் குடிபோயிருந்த அறைக்குப் போய்க் கையைப் பிடித்துக் கூப்பிட்டாள். வந்தான். ஒற்றை ஆள் படுக்கும் சின்னக் கூடாரம் ஒன்றைத் தானே வாங்கிக்கொண்டு வந்திருந்தான். அதற்குள் யார் படுப்பது என்று பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டன. ஆனால் கட்டும்போது அதைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்கு அந்தப் பக்கம் தள்ளிப் போனான்.

"ஏண்டா அவ்வளவு தூரம்? இங்கேயே பக்கத்துல போடேன்."

"வேண்டாங்க்கா. நான் பயங்கரமா குறட்டை விடுவேன். உங்க தூக்கம் கெட்டுடும்."

ஒரு வருஷத்துக்கு மேல் பக்கத்து அறையில் படுத்தவள் அவள். அவன் மூச்சு விடும் சத்தம்கூட ஒருநாளும் கேட்டதில்லை. முளையை மண்ணில் வைத்துக் குனிந்து அடித்துக்கொண்டிருந்த தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.