இடது பாதிக்கு வரி இல்லை

ஓவர்டைம் கூலிக்கு வரிச்சலுகை வந்த மாதத்திலிருந்து, மாலை ஐந்து மணி ஆனால் சிலுவை என்பவனின் உடம்பில் இடது பாதிக்கு எடை இல்லாமல் போனது. தூத்துக்குடித் துறைமுகத்தில், கப்பலில் அடுக்கிய கண்டெய்னர்களைப் பிணைக்கும் இரும்புக் கம்பிகளை மாட்டுவதும் கழற்றுவதும் அவன் வேலை. எட்டு மணி நேரம் முடிந்து ஓவர்டைம் தொடங்கியதும் இடது கால் தரையை விட்டு எழும்பும், இடது கை தோளுக்கு மேலே போய் நிற்கும், வலது காலால் தத்தித் தத்தி மிச்ச வேலையைப் பார்ப்பான். காரணம் தேடி யாரும் சிரமப்படவில்லை, அது விதியிலேயே இருந்தது. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி. அதில் கூடுதலாக வருகிற ஒரு மடங்குக்குத்தான், அதாவது பாதிக்குத்தான், சலுகை. ஆனால் சிலுவை ஆயுளில் வருமான வரி கட்டியதே இல்லை. கட்டுகிற அளவுக்கு அவனுக்கு எவன் சம்பளம் கொடுத்தான்? பணத்தில் குறைக்க எதுவும் இல்லாததால் சலுகை உடம்பில் இறங்கியது. இல்லாத வரியைத் தள்ளுபடி செய்வதைப் போல மலிவான தர்மம் வேறு கிடையாது. அதற்கும் துறைமுக வாசலில் வெடி போட்டு லட்டு கொடுத்தார்கள். வாங்கித் தின்றவர்களில் சிலுவையும் ஒருவன். கூட வேலை பார்த்தவர்கள் யாரும் மிதக்கவில்லை. ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு டீக்கடையில் நிற்கிறவனுக்கு எடை எப்படிக் குறையும்?

ஒப்பந்தக்காரர் கிருபாநிதிக்கு ஒரு மனிதன் மிதப்பது ஆச்சரியமாகப் படவில்லை, ஏணிச் செலவு மிச்சம் என்றுதான் பட்டது. ஏணிகளையும், ஆட்களை மேலே தூக்கும் இரும்புக் கூண்டையும் அதே வாரத்தில் காயலான் கடைக்குப் போட்டார். ஒரு உந்து உந்தினால் சிலுவை ஆறாவது அடுக்குக்குப் போய்விடுவான், பிறகு கூண்டு எதற்கு? சிலுவையின் மனைவி பிளாரன்ஸ்தான் பதறினாள். அவள் சங்கு குளிக்கிற வீட்டுப் பெண். அந்தக் கரையில் முத்துக் குளித்த காலத்திலிருந்தே, கடலுக்குள் முங்குகிறவனின் கயிற்றை மேலே மச்சான்தான் பிடிப்பது. கூடப்பிறந்தவள் தாலி அறுக்கக் கூடாது என்ற கவலை அவனுக்கு இருக்கும் அளவு வேறு எவனுக்கும் இருக்காது. ஆகவே அவள் தன் அண்ணன் கிளைட்டனைப் பிடித்தாள். அவனும் கிருபாநிதியிடம்தான் இருந்தான், இறங்குகிற பெட்டிகளைச் சரிபார்க்கிற வேலை. ஐந்து மணிக்குமேல் சிலுவையின் இடுப்பில் கட்டிய கயிற்றை அவன் பிடித்துக்கொண்டு நின்றான். அதற்கு ஓவர்டைம் கேட்டபோது, "கயிறு பிடிக்கதெல்லாம் ஒரு வேலையாலே?" என்று கிருபாநிதி சிரித்தார். கிளைட்டன் கயிற்றை விடவில்லை.

மறு வருஷம் இன்னொரு விதி வந்தது. மனமுவந்து கொடுக்கும் டிப்ஸுக்கு முழு விலக்கு. கிருபாநிதி அன்று சிலுவையை ஏசி அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். எதிரே ஒருவனை அவர் உட்காரச் சொன்னாலே ஏதோ பறிபோகப்போகிறது என்று பொருள். "ஏலே, கூலின்னா பாதிக்குத்தான் சலுகை. அதையே டிப்ஸா வாங்கிக்கிட்டேன்னா முழுசுக்கும் சலுகை. ஒன் நல்லதுக்குத்தாம்ல சொல்லுதேன்." சிலுவை தலையாட்டினான். பாதியைவிட முழுசு பெரியது என்று மட்டும் யோசித்தான். கூலி என்றால் சண்டை போட்டாவது வாங்கலாம், டிப்ஸுக்காக எவனிடமும் சண்டைக்குப் போக முடியாது என்பது அந்த மரமண்டைக்கு ஏறவில்லை. அன்று மாலை அவனுடைய வலது பாதியும் எழும்பியது. கிளைட்டன் இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. கப்பல்காரர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள், செய்தித்தாளில்கூட வந்தது, கயிறு பிடித்தவனை மட்டும் வெட்டிவிட்டுப் போட்டிருந்தார்கள். பிளாரன்ஸ் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அன்று சாப்பிடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கிருபாநிதிக்கு மனம் உவக்கவில்லை. கப்பல் ஏஜெண்ட் யாரோ அவரைப் போனில் திட்டிவிட்டான், அவ்வளவுதான். இன்றைக்கு எவனுக்கும் டிப்ஸ் கிடையாது என்று அறைக்குள் இருந்தபடியே சொன்னார். சொன்ன அதே நொடியில், கப்பலுக்கு மேலே மிதந்துகொண்டிருந்த சிலுவைக்கு முழு எடையும் திரும்பி வந்தது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீரில் விழுந்து மூழ்கினான். கிளைட்டன் யோசிக்கவே இல்லை, சங்குக்காரர்கள் இழுக்கிற மாதிரி கைமாற்றிக் கைமாற்றி இழுத்தான். அத்தனை நாள் மேலே போகிறவனைத் தடுத்துக்கொண்டிருந்த கயிறு அன்றுதான் அதன் பழைய வேலையைப் பார்த்தது. சிலுவை எண்ணெய்த் தண்ணீரைக் கக்கிக்கொண்டு, தோள்மூட்டு விலகி, உயிரோடு வந்து சேர்ந்தான்.

மறுநாள் காலையில் பிளாரன்ஸ் கிருபாநிதியின் அறைக்குப் போனாள். அவர் உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை. "ஒங்க டிப்ஸ ஒங்க சட்டப்பைலயே வச்சுக்கோங்க அண்ணாச்சி. அவருக்கு ஓவர்டைமு கூலியா வரணும், எங்க அண்ணன் கயித்தப் பிடிச்சா அவனுக்கும் கூலி வரணும். எங்க வீட்டு ஆளு பாதி மெதந்தாப் போதும், முழுசா வீட்டுக்கு வரணும்." கிருபாநிதி சட்டம் பேசினார், அவருடைய நல்ல மனசைப் பற்றிப் பேசினார். வெளியே கப்பல் சரக்கு இறங்காமல் நின்றுகொண்டிருந்தது. ஏணிகள் காயலான் கடையில் உருகிப் போயிருந்தன, டீக்கடையில் நின்றவர்களில் ஒருவனும் ஏற முன்வரவில்லை, தோள் தேறிச் சிலுவை திரும்பி வந்தால்தான் இனி வருகிற கப்பல்களும் நகரும். மத்தியானத்துக்குள் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதையும் பெருந்தன்மை என்றே இன்றுவரை சொல்லித் திரிகிறார்.

தோள் தேறி வந்த சிலுவைக்கு மாலை ஐந்து மணிக்கு மறுபடி இடது பாதி மட்டும் எழும்புகிறது, கிளைட்டன் கயிற்றைப் பிடிக்கிறான், யாரும் இப்போது நின்று பார்ப்பதில்லை. வேலைக்கு ஷூ கொடுக்கிற வழக்கம் கிருபாநிதிக்கு இல்லாததால் பகலில் வெறுங்காலோடு நிற்கிறான், தத்துகிற ஓவர்டைமுக்கு மட்டும் செருப்பு மாட்டுகிறான், அதில் வலது செருப்பு மட்டுமே தேய்கிறது. வலதை மட்டும் தனியாகத் தர முடியுமா என்று பிளாரன்ஸ் கேட்டுப் பார்த்தாள். செருப்புக்கடை அண்ணாச்சி, ஜோடியாகத்தான் விற்பேன் என்று சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டு வாசலில் புதுக் கருக்கு அழியாத இடது செருப்புகள் நிறையக் கிடக்கின்றன.