டர்னிப் மசியலுக்கு உரிய நாற்காலி

நோர்டால் லூத்தரன் சர்ச்சின் காப்பி அண்டா மேல் கை வைத்துச் சொல்கிறேன், அதுவும் காப்பி கொதித்துக்கொண்டிருக்கும்போதே கை வைத்துச் சொல்கிறேன்: இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. செல்மர் டாஸ்ட்ருட் மார்ச் மாதம் இறந்துபோனார். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, நன்றி நவிலும் நாள் விருந்துக்கு என்னென்ன சமைப்பது என்று அவருடைய தங்கை ஆர்டிஸின் அடுக்களையில் எல்லோரும் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு சாக்கு மஞ்சள் டர்னிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, கதவருகே கால்மிதியில் ஷூவை நன்றாகத் தேய்த்துவிட்டு உள்ளே நுழைந்தார். அந்த வருடம் டர்னிப் விலை மலிவுதான்.

இதனால் அதிகம் பாதிக்கப்பட்டவன் வெர்லின். செல்மருக்குத் தம்பி மகன், தானியக் கிடங்கில் லாரி ஓட்டுகிறவன், ஆறடிக்கு மேலே இன்னும் நாலு விரற்கடை உயரம், வயது ஐம்பத்தெட்டு. அந்த வயதிலும் அவன் விருந்தன்று நடையில் போட்டிருக்கும் பசங்க மேஜையில்தான் உட்கார்ந்தான். ஆர்டிஸ் வீட்டுச் சட்டம் அப்படி. கூடத்தில் இருக்கும் பெரிய மேஜையில் ஒவ்வொரு நாற்காலியும் ஒரு பதார்த்தத்துக்குச் சொந்தம். வான்கோழிக்கு ஒரு நாற்காலி, பீன்ஸுக்கு ஒன்று, பச்சை நிறத்தில் கேரட் துருவிப் போட்டு நடுங்கிக்கொண்டிருக்கும் ஜெல்லிக்கு ஒன்று, ஜெபம் சொல்வதால் பாஸ்டருக்கு ஒன்று. பதார்த்தம் இல்லாதவனுக்கு நாற்காலி இல்லை. புதிதாக ஒரு பதார்த்தம் உள்ளே வரவேண்டுமானால் பழையது ஒன்று போகவேண்டும். மினசோட்டாவில் யாரும் யாருடைய சமையலையும் பார்த்து இது நன்றாயில்லை என்று சொல்லிவிட முடியாது என்பதால் எந்தப் பதார்த்தமும் போகாது. அதைக் கொண்டுவருகிறவர்களும் லேசில் போகிறதில்லை. வெர்லினுக்கு எட்டு வயது இளையவள், சித்தப்பா மகள் லவோன், ஜெல்லி செய்துகொண்டிருந்த மாமியார் நல்ல சமயம் பார்த்துக் கண்ணை மூடியதால் முப்பது வயதிலேயே பெரிய மேஜைக்குப் போய்விட்டாள். வெர்லின் மட்டும் முழங்கால் காதில் இடிக்க, கையில் ஒரு டம்ளர் பாலோடு, மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். அந்த மேஜையில் உட்காருகிறவர்களுக்குப் பால்தான், காப்பி கிடையாது. ஐம்பத்தோராவது வயதில் அந்த மேஜையில் வைத்து அவனுக்கு ஒரு பால்பல் விழுந்தது. பிள்ளைகள் பார்த்துவிட்டு, பழகிய விஷயம் என்பதால், தலையணைக்கு அடியில் வைத்தால் ராத்திரி பல் தேவதை வந்து காசு வைத்துவிட்டுப் போகும் என்றார்கள்.

மார்ச் மாதம் செல்மர் ஆர்டிஸ் வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்தவர், சோயா விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பாதி வாக்கியத்தில் இறந்துபோனார். பாஸ்டர் லிண்ட்குவிஸ்ட் அடக்க ஆராதனை நடத்தினார். வெர்லின் பெட்டியின் ஒரு மூலையைச் சுமந்தான், உண்மையாகவே அழுதான். கல்லறையிலிருந்து திரும்பி வரும் வழியில், அழுகை இன்னும் முழுதாக நிற்காதபோதே, வருடா வருடம் செல்மர் கொண்டுவரும் டர்னிப் மசியலின் நாற்காலி காலி என்பது அவனுக்கு உறைத்தது. அன்றே ஏரிக்கரைக்குப் போய்க் காட்டரிசி வாங்கிவந்தான். காளானும் வெண்ணெயும் கோழிச்சாறும் சேர்த்து, வாராவாரம் வெள்ளிக்கிழமை சமைத்துப் பழகினான். முதலில் குழைந்தது, பிறகு விறைத்தது, கோடைகாலத்தில் கைவந்தது. கைவந்த வெள்ளிக்கிழமை அவன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே மான்கள் வந்து நின்றன. நம் பக்கத்து மான்கள் ஆனபடியால் முண்டியடிக்கவில்லை. வரிசையில் நின்றன, ஒன்றுக்கொன்று நீ முதலில் என்று வழிவிட்டுக்கொண்டே நின்றதில் ஒன்றுகூடக் கிட்டே வரவில்லை. செப்டம்பரில் வரிசை தபால் ஆபீஸ் வரை போனது. தபால்காரர் அதைச் சுற்றிக்கொண்டு போனார்.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை வெர்லின் தலைக்குத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வந்திருந்தான். எண்பத்து நாலு வயது ஆர்டிஸ் ஒவ்வொரு பதார்த்தமாகப் பெயர் சொன்னார், உரியவர்கள் தலையாட்டினார்கள். டர்னிப் என்று சொல்லிவிட்டு ஆர்டிஸ் நிறுத்தினார். எல்லோரும் அவரவர் காப்பியைப் பார்த்தார்கள். வெர்லின் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அத்தை, நான் என்ன நெனச்சேன்னா, கொஞ்சம் காட்டரிசி…" என்று ஆரம்பித்தான். அந்த இடத்தில்தான் கதவு திறந்தது. செல்மர் அடக்கம் செய்த கோட்டோடு நின்றார், காலரில் கொஞ்சம் மண்.

"வழியெல்லாம் ஒரே சகதி," என்றார்.

நோர்டாலில் ஒரு மனிதரைப் பார்த்து நீங்கள் செத்துப்போனீர்களே என்று சொல்லிவிட முடியாது. மரியாதை என்று ஒன்று இருக்கிறது. ஆர்டிஸ் எழுந்து இன்னொரு கோப்பையை எடுத்தார். "எளச்சுப் போயிட்டியேண்ணே," என்றார். "அங்க சாப்பாடு எப்படி?"

"பரவால்ல. காத்து கெடையாது. அதச் சொல்லணும், துளி காத்து கெடையாது."

பாஸ்டர் வாயைத் திறந்தார். தன் கையாலேயே ஒரு பிடி மண் போட்டவர் அவர். செல்மர் அவர் பக்கம் திரும்பி, "மார்ச்ல நல்லா நடத்துனீங்க பாஸ்டர். ரெண்டாவது பாட்டத்தான் கொஞ்சம் இழுத்துட்டீங்க," என்றார். பாஸ்டர், அடுத்த முறை பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காது சிவக்க ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். டர்னிப் உறுதியானது. "நீ வழக்கம்போல பசங்களுக்குப் பால் வாங்கிட்டு வந்துடு வெர்லின்," என்றார் ஆர்டிஸ். "கூடவே முட்டிக்கு ஒரு தலைகாணியும் எடுத்துட்டு வந்துருங்கண்ணே," என்றாள் லவோன். "போன தடவ நீங்க எந்திரிச்சப்போ மேஜையும் சேந்து எந்திரிச்சுது."

செல்மர் ஆர்டிஸ் வீட்டு மாடியறையில் தங்கினார். எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்பது அநாகரிகம் என்பதால் யாரும் கேட்கவில்லை. சீக்கிரமே அவரால் பெரிய உபகாரம் என்பது தெரியவந்தது. பூசணிக்காயை உள்ளே வைத்துச் சுடும் பூசணி பை என்ற பலகாரத்தைச் செய்கிறவர்களுக்குத் தெரியும், அந்த மேலோட்டு மாவைக் குளிர்ந்த கையால் பிசைந்தால்தான் வெண்ணெய் உருகாமல் இதழ் இதழாக வரும். செல்மரின் கையைவிடக் குளிர்ந்த கை அந்த மாவட்டத்திலேயே இல்லை. அவர் பிசைந்த மாவு அடுப்பிலிருந்து வெளியே எடுத்ததும் இதழ்விரித்து மெல்ல மேலே கிளம்பியது. ஆர்டிஸ் ஒரு கரண்டியை மேலே வைத்து இருத்த வேண்டியிருந்தது. லவோன் ஜெல்லிக் கிண்ணத்தை அவர் மடியில் வைத்துவிட்டு ஒரு போன் பேசிவிட்டு வருவதற்குள் ஜெல்லி உறைந்துவிடும். அண்டை வீட்டார் ஐஸ்கிரீமோடு வந்தார்கள். பாஸ்டர்கூட ஒருநாள், தயங்கித் தயங்கி, ஒரு கட்டு வெண்ணெயோடு வந்தார். செல்மர் யாருக்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை. முகம் மட்டும் நாளுக்கு நாள் கொஞ்சம் மங்கிக்கொண்டு வந்தது. சில நேரம் அவர் பின்னால் இருக்கும் சுவர்க்காகிதப் பூக்கள் அவர் வழியாகவே தெரிந்தன. பொருத்தமான பூக்கள்தான்.

விருந்தன்று வெர்லின் பாலோடு வந்தான். வண்டியின் முன்சீட்டில், துண்டு போட்டு மூடி, சீட் பெல்ட்டும் போட்டு, காட்டரிசிப் பானை இருந்தது. அதை உள்ளே கொண்டுபோக அவனுக்கு உரிமை இல்லை; வீட்டில் விட்டுவரவும் மனசில்லை. வண்டிக்குப் பின்னால் மான்கள் வரிசையாக வந்து தெருவோரம் நின்றன. உள்ளே ஜெபம் முடிந்தது, வான்கோழி அறுபட்டது, டர்னிப் மசியல் சுற்றி வந்தது. ஒவ்வொருவரும் வழக்கப்படி ஒரு கரண்டி எடுத்து, நன்றாயிருக்கிறது என்று சொல்லி, உருளைக்கிழங்குக்கு அடியில் புதைத்தார்கள். வெர்லின் பாலை உறிஞ்சிக்கொண்டே தாழ்ந்த மேஜையிலிருந்து கூடத்தைப் பார்த்தான். அவன் கண்ணுக்கு நேரே இருந்தவை முகங்கள் அல்ல. பெரிய மேஜைக்கு அடியில் வரிசையாக முழங்கால்கள். அதனால்தான் வேறு யாரும் பார்க்காததை அவன் பார்த்தான்.

செல்மரின் இரண்டு கைகளும் மேஜைக்கு அடியில் மெல்ல எழும்பின, முழங்கால்களுக்கு மேலே வந்து நின்றன, தட்டப் போயின. அதே நேரம் மேலே ஆர்டிஸ், "இன்னும் அரக் கோப்ப ஊத்தவாண்ணே?" என்றார். கைகள் இறங்கிவிட்டன. மறுபடி எழும்பின. "பெரியப்பா, இந்தக் க்ரீமைக் கொஞ்சம் புடிங்களேன், எளகுது," என்றாள் லவோன். கைகள் மறுபடி இறங்கின.

நோர்டாலில் ஒருவர் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முறை இருக்கிறது. இரண்டு முழங்காலையும் தட்டி, சரி அப்போ, என்று சொல்லவேண்டும். பிறகு எழுந்து கதவருகே பேசவேண்டும், வாசலில் நின்று பேசவேண்டும், வண்டியில் ஏறிக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பேசவேண்டும். இதில் ஒன்றைக்கூடச் செய்யாமல் இங்கே யாரும் எங்கேயும் போனது கிடையாது. செல்மரோ மார்ச் மாதம் பாதி வாக்கியத்தில் கிளம்பிப் போனவர். மனிதர் நாற்காலிக்காகத் திரும்பி வரவில்லை, சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறார், இவர்கள் விடவில்லை என்று வெர்லினுக்குப் புரிந்தது. அடுத்தவருக்காக முழங்காலைத் தட்டுவதைப்போல மரியாதை கெட்ட காரியம் எங்கள் மாவட்டத்தில் இல்லை. வெர்லின் எழுந்தான், பசங்க மேஜையும் சேர்ந்து எழுந்தது, பால் கொட்டியது. தன் இரண்டு முழங்காலையும், கூடத்துக் கண்ணாடிப் பாத்திரங்கள் கிணுகிணுக்கும்படி, ஓங்கித் தட்டினான்.

"சரி, அப்போ," என்றான்.

கரண்டிகள் அந்தரத்தில் நின்றன. பாதி கரைந்திருந்த செல்மருக்கு நிறம் திரும்பியது. "ஆமா," என்றார், "நேரமாச்சு." எழுந்தார்.

கதவருகே சாலைகளைப் பற்றிப் பேசினார்கள். வாசலில் மார்ச் மாதம் விட்ட இடத்திலிருந்து சோயா விலையைச் சொல்லி முடித்தார் செல்மர். வாக்கியம் முடிந்ததும் பாஸ்டர் மூக்கைச் சிந்தினார். ஆர்டிஸ் மிச்சப்பட்ட வான்கோழியைக் காலி மார்ஜரின் டப்பாக்களில் அடைத்துக் கொடுத்தார். "டப்பாவத் திருப்பி அனுப்பிடுண்ணே," என்றார், அழுதுகொண்டே. வெர்லின் ஓட்டினான், செல்மர் காட்டரிசிப் பானையை மடியில் வைத்துக்கொண்டார், மான்கள் கல்லறைவாசல்வரை இருபுறமும் வழிவிட்டு நின்றன.

"என்னடா இது மணக்குது?" என்றார் செல்மர், துண்டைத் தூக்கி. இரண்டு விரலால் எடுத்துத் தின்றார். வெகுநேரம் மென்றார். "டர்னிப்பு ஒருத்தருக்கும் புடிக்காதுன்னு எனக்குத் தெரியும்டா. எனக்கே புடிக்காது."

"பின்ன எதுக்குப் பெரியப்பா வருசா வருசம்?"

"அத விட்டா எனக்கு அங்க ஏதுடா எடம்?" என்றார். கண்ணாடியை இறக்கி, முறைப்படி கொஞ்சம் பேசிவிட்டு இறங்கினார். "பானை ஆறிடும். சீக்கிரம் கொண்டுபோய் வையி." போகும்போது புல் அவர் காலடியில் மடங்கவில்லை.

திரும்பி வந்த வெர்லின் பானையைப் பெரிய மேஜையின் நடுவில் வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல், காலியான நாற்காலியில் உட்கார்ந்தார். "வந்துட்டாருய்யா பெரிய மனுசன்," என்றாள் லவோன், ஆனால் தட்டை நகர்த்தி இடம் விட்டாள். பானை சுற்றி வந்தது. ஒவ்வொருவரும் ஒரு கரண்டி எடுத்தார்கள், மென்றார்கள், யோசித்தார்கள். "வித்தியாசமா இருக்கு," என்றார் ஆர்டிஸ். நோர்டாலில் அதைவிடக் கடுமையான சொல் கிடையாது. சூறாவளி வந்து தானியக் கிடங்கின் கூரையைப் பெயர்த்துக்கொண்டு போனபோதும் ஜனங்கள் அதைத்தான் சொன்னார்கள். பிறகு எல்லோரும் காட்டரிசியை உருளைக்கிழங்குக்கு அடியில் புதைத்தார்கள். வெர்லினுக்குக் கண் கலங்கியது. இனி எந்தக் காலத்திலும் யாரும் அதை எடுக்கச் சொல்ல முடியாது. பழக்கத்தில் யாரோ வெர்லின் முன்னால் வைத்திருந்த பால் டம்ளரை ஆர்டிஸ் எடுத்துவிட்டு, ஒரு கோப்பை வைத்து, அதில் காப்பி ஊற்றினார். வெர்லின் ஒரு வாய் குடித்ததும் நாற்காலியோடு ஒரு சாண் உயரம் மேலே எழும்பினார், பூசணி பைக்கு வைத்திருந்த கரண்டியை எடுத்து லவோன் அவர் மடியில் வைத்தாள், இறங்கிவிட்டார். அதன்பிறகு வருடா வருடம் நவம்பர் முதல் ஞாயிறன்று வாசலில் ஒரு சாக்கு டர்னிப் இருக்கும், அதன்மேல் கழுவித் துடைத்த மார்ஜரின் டப்பாக்கள் இருக்கும். ஆர்டிஸ் எடுத்து உள்ளே வைப்பார்.

போன நவம்பரில் நானும் அந்த விருந்துக்குப் போயிருந்தேன்: பெரிய மேஜையில் எனக்கு டர்னிப் மசியல் பரிமாறியவர் செல்மர், நடையில் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டே இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் வெர்லின்.